மண்டபத்தின் சாவி யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எமது ஊர் மண்டபத்தில் பிள்ளைகளின் நாடகம் நடக்காமல் போன கதை பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளும் பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து சீதனத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார்கள். மூன்று பெண் பிள்ளைகளுக்கு மூன்று வீடு கட்டுவதற்காகப் பதினெட்டு வருடத்தைக் கட்டாரில் தொலைத்த ஒரு வாப்பாவின் கதை. அதில் ஒரு மரைக்கார் வருகிறார், கல்யாணப் பேச்சில் பேரம் பேசுகிறவராக. மண்டபத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டும் எடுத்தாயிற்று. நாடகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மண்டபத்தில் திருத்த வேலையாம், தர முடியாதாம். அதே நாளில் அதே மண்டபத்தில் ஒரு வலீமா நடந்தது. நாமும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

விசாரித்தபோது சங்கதி மெல்ல மெல்ல வெளியே வந்தது. நாடகத்தில் பள்ளிவாசல் நிருவாகத்தைக் கேலி செய்கிறார்களாம் என்று யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லி, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த வரிசையில் நின்ற ஒருவர்கூட நாடகப் பிரதியை வாசிக்கவில்லை. பிரதியைத் தாருங்கள் என்று கேட்கவும் இல்லை. உண்மையில் அந்த மரைக்கார் கடைசிக் காட்சியில் தன் மகளுக்கே வீடு கொடுக்க வழியில்லாமல் நிற்கிறார். பார்க்கிறவர்கள் அவருக்காகவும் கண் கலங்குவார்கள்.

ஆசிரியர்களாகிய நாம் என்ன செய்தோம்? "சபூர் செய்யுங்கள் பிள்ளைகள், இப்போது பிரச்சினை எடுக்க வேண்டாம்" என்றோம். அவ்வளவுதான் நாம் செய்தது. ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: "சேர், அந்த மண்டபம் யாருடையது?"

அதற்கு விடை தேடப்போய்த்தான் ஐக்கிய அமெரிக்காவின் ஒரு பழைய வழக்கில் போய் நின்றோம். வகுப்பில் சொல்ல முடியாத கதை, ஏனென்றால் அதில் வரும் நாடகம் அப்படிப்பட்டது. பெரியவர்களுக்கு இங்கே சொல்கிறோம்.

டென்னசி மாநிலத்தில் சட்டனூகா என்றொரு நகரம். நகரத்தின் பொறுப்பில் இரண்டு அரங்குகள் இருந்தன. ஒன்று, முதலாம் உலகப் போரின் வீரர்களை நினைவுகூர்ந்து 1924 இல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம். மற்றது டிவோலி. அது தனியாருடைய கட்டடம்தான், ஆனால் நீண்டகாலக் குத்தகையில் நகரத்திடம் இருந்தது. இரண்டையும் ஒரு பணிப்பாளர் சபை நடத்தியது. அதன் தலைவர் கொன்ராட் என்ற நகர ஆணையாளர்.

1971 ஒக்டோபர் 29 அன்று சவுத்ஈஸ்டர்ன் புரமோஷன்ஸ் என்ற நிறுவனம் டிவோலியைக் கேட்டு விண்ணப்பித்தது. நவம்பர் 23 முதல் ஆறு நாட்களுக்கு 'ஹெயர்' என்ற இசை நாடகத்தைப் போடுவது அவர்களுடைய திட்டம். வியட்நாம் போருக்குப் போக மறுத்த, முடி வளர்த்த இளைஞர்களைப் பற்றிய நாடகம் அது. 1968 இல் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குக்கு வந்து பெரும் புகழும் பெரும் திட்டும் வாங்கியது. போதைப்பொருள், கெட்ட வார்த்தை எல்லாம் அதில் உண்டு. முதல் பாகத்தின் முடிவில் நடிகர்கள் உடையில்லாமல் நிற்கும் சிறு காட்சியும் உண்டு.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நாடகத்துக்கு நாம் போக மாட்டோம், எமது பிள்ளைகளையும் அனுப்ப மாட்டோம். வழக்கு எதைப் பற்றியது என்பது விளங்குவதற்கு இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டனூகாவின் பணிப்பாளர் சபை கூடியது. அந்த நாட்களில் அரங்கில் வேறு நிகழ்ச்சி எதுவும் பதிவாகியிருக்கவில்லை. சபையில் இருந்தவர்களில் ஒருவரும் நாடகத்தைப் பார்க்கவில்லை, பிரதியை வாசிக்கவும் இல்லை. மற்ற ஊர்களில் போட்டபோது அதில் நிர்வாணமும் ஆபாசமும் இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். விண்ணப்பதாரரை அழைத்து விசாரிக்காமலே, இது ஊர் மக்களின் நலனுக்கு உகந்ததல்ல என்று முடிவெடுத்து மறுத்துவிட்டார்கள். இந்த இடத்தை வாசித்தபோது எமக்கு அந்தத் தொலைபேசி அழைப்புத்தான் நினைவுக்கு வந்தது. அவர்கள் குறைந்தபட்சம் ஒரு கூட்டமாவது கூடியிருந்தார்கள். திருத்த வேலை என்று பொய் சொல்லவும் இல்லை.

நல்ல, ஆரோக்கியமான, பண்பாட்டை உயர்த்தும் நிகழ்ச்சிகளுக்கே இடம் கொடுப்பது எங்கள் கொள்கை என்று கொன்ராட் பின்னர் சாட்சியம் சொன்னார். அந்தக் கொள்கை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், மண்டபம் திறந்த அன்று வெளியிட்ட சிறு நூலில். 1924 இன் திறப்பு விழா மலரில் இருந்த வாழ்த்து வாசகம் 1971 இல் ஒரு நாடகத்தைத் தடுக்கும் சட்டமாக வேலை செய்திருக்கிறது! எமது ஊர்ப் பக்கத்து விழா மலர்களில் வரும் வாழ்த்துரைகளை எல்லாம் சட்டமாக எடுத்தால் நிலைமை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறுவனம் நவம்பர் 1 அன்றே நீதிமன்றம் போனது. இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை, நாட்கள் கடந்துவிட்டன. அதன் பின் டிவோலியை விட்டுவிட்டு, நினைவு மண்டபத்தை 1972 ஏப்ரல் 9 ஞாயிற்றுக்கிழமைக்குத் தரும்படி கேட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் மூன்று நாள் விசாரித்தது. இசை நாடகத்தின் முழுப் பிரதி, பாடல்களின் ஒலிப்பதிவு, வேறு ஊர்களில் நாடகத்தைப் பார்த்த ஏழு சாட்சிகள். ஆலோசனை சொல்வதற்கென்று ஒரு யூரர் சபையும் இருந்தது. முடிவு: நாடகம் ஆபாசமானது, நகரம் மறுத்தது சரி. மேன்முறையீட்டிலும் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் நகரமே வென்றது.

பிறகு வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 1975 மார்ச் 18 அன்று. ஆறு நாள் நாடகத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருப்பு. நாடகம் ஆபாசமா இல்லையா என்று அந்த நீதிமன்றம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஹெயர் நல்ல நாடகம் என்றும் சொல்லவில்லை. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். நீதியரசர் பிளக்மன் எழுதி மேலும் நால்வர் ஒப்பமிட்ட பெரும்பான்மைத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வியை. மறுத்தவர்கள் எந்த வழியில் மறுத்தார்கள்?

அவர்கள் சொன்னதை எமது வார்த்தையில் சொல்கிறோம். இந்த மண்டபங்கள் கட்டப்பட்டதே பேசவும் பாடவும் நடிக்கவும்தான். அப்படிப்பட்ட இடத்தை ஒருவருக்கு மறுப்பது, அவர் பேச முன்பே வாயைக் கட்டுவதற்குச் சமம். பேசிய பிறகு சட்டம் மீறப்பட்டிருந்தால் தண்டிக்கலாம். பேச முன்பே தடுப்பதாக இருந்தால் அதற்குக் கடுமையான முறை ஒன்று இருக்க வேண்டும். அந்த முறையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. போல்டிமோரில் தணிக்கைக்குக் கொடுக்காமல் படம் காட்டிய ஒரு திரையரங்குக்காரரின் வழக்கில், ஃபிரீட்மன் எதிர் மேரிலண்ட் என்ற 1965 ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அது ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தடுக்க விரும்புகிறவரே நீதிமன்றம் போக வேண்டும். இது பாதுகாப்புக்கு உரிய பேச்சு அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. தீர்ப்பு வரும் வரையிலான தடை மிகக் குறுகிய காலத்துக்கே இருக்கலாம். தீர்ப்பும் விரைவாக வர வேண்டும். சட்டனூகாவில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்குப் போடும் பாரம், செலவு, காத்திருப்பு எல்லாம் நாடகக்காரர் தலையில் விழுந்தது.

நகரத்தின் தரப்பில் இன்னொரு வாதமும் இருந்தது. நாங்கள் நாடகத்தைத் தடை செய்யவில்லையே, எங்கள் மண்டபத்தை மட்டும்தானே மறுத்தோம், வேறு தனியார் அரங்கில் போடலாமே என்று. எமது ஊரிலும் இதே கதை சொல்லப்பட்டது: "வீட்டு வளவில் மேடை போட்டு நடியுங்கள், யார் வேண்டாம் என்றது?" வேறு இடம் உண்டு என்பதைக் காரணம் காட்டி, பொருத்தமான ஓரிடத்தில் ஒருவருக்குள்ள உரிமையைக் குறைக்க முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. நாடகத்தில் சொல்லோடு செயலும் கலந்திருக்கிறது என்பதற்காக அதைப் புத்தகத்தைவிடத் தாழ்ந்ததாக வைக்கவும் முடியாது என்றது.

எதிர்த்து எழுதிய நீதியரசர்களின் கருத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. றென்குவிஸ்ட் கேட்ட கேள்வி எமக்கும் இன்னும் நெருடுகிறது. ஒரு நகரம் தன் அரங்கை ஒரு பருவம் முழுக்க ஷேக்ஸ்பியருக்கென்று ஒதுக்கக் கூடாதா? முதலில் வந்தவருக்கு முதலில் என்று எவருக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? நகரம் தன் சொத்தைப் பராமரிக்கும்போது ஒரு தனியார் அரங்கின் முகாமையாளரைப் போலத் தெரிவு செய்யக் கூடாதா? நல்ல கேள்விகள். மறுபக்கத்தில் நீதியரசர் டக்ளஸ், பெரும்பான்மை கேட்ட முறைகள் போதவே போதாது, உள்ளடக்கத்தைப் பார்த்து வடிகட்டும் வேலையே நகர அதிகாரிகளுக்குக் கூடாது என்றார். நாம் இருவருக்கும் நடுவில் நிற்கிறோம். தெரிவு செய்யலாம். தெரிவு செய்பவர் முதலில் வாசிக்கட்டும், காரணத்தை எழுதட்டும்.

பாடசாலை மண்டபத்தைப் பற்றியும் அங்கே ஒரு வழக்கு உண்டு, ஆசிரியர்கள் என்பதால் அதையும் தேடிப் பார்த்தோம். கலிபோர்னியாவின் சான்டியாகோவில் பாடசாலை மண்டபத்தில் கூட்டம் நடத்த வேண்டுமென்றால், அரசைப் பலாத்காரமாகக் கவிழ்க்க ஆதரவளிப்பவர்கள் அல்ல என்று சத்தியக்கடதாசி கொடுக்கச் சொன்னார்கள். 1946 இல் அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அது முடியாது என்றது. பாடசாலைக் கதவை ஊருக்குத் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் திறந்த பிறகு ஒருவருடைய நம்பிக்கையைப் பார்த்து உள்ளே விட முடியாது என்பது அதன் சாரம்.

இதெல்லாம் அமெரிக்கா, இங்கே செல்லாது என்பீர்கள். உண்மைதான், அந்தத் தீர்ப்புகள் எம்மைக் கட்டுப்படுத்தா. ஆனால் எமது பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்டி அனுமதி பெறும் வழக்கம் பிரித்தானியாவில் 1737 இல் சட்டமானது. அப்போதைய பிரதமர் வோல்போலை நாடகங்களில் கேலி செய்தார்கள் என்பதுதான் அதற்குப் பெரிய காரணம். (கேலிக்குப் பயந்து சட்டம் கொண்டுவருவது புதிதல்ல.) இந்தியாவில் 1876 இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. இலங்கையில் 1912 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் வந்தது. கொழும்பு மருதானையில் டவர் மண்டபம் திறந்ததற்கு மறு வருடம் அது. இன்றைக்கும் நாடகப் பிரதிகள் போவது அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் தணிக்கைச் சபைக்குத்தான்.

பிரித்தானியர் தங்கள் நாட்டில் நாடகத் தணிக்கையை 1968 செப்டெம்பர் 26 ஆம் திகதி முடித்துக்கொண்டார்கள். மறுநாளே லண்டனில் ஹெயர் மேடையேறியது, அதே நாடகம்தான். தந்தவர்கள் அதைத் தூக்கி எறிந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நாம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

எமது அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது. 15 ஆவது உறுப்புரை இன, மத நல்லிணக்கம், ஒழுக்கம் முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் அதை மட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. 16 ஆவது உறுப்புரை, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருப்பது இந்தக் கதவால்தான். ஆனால் கவனியுங்கள், ஒரு தொலைபேசி அழைப்பு சட்டம் அல்ல. "யாரோ சொன்னார்கள்" என்பதும் சட்டம் அல்ல.

எமது உயர் நீதிமன்றமும் இந்த விடயத்தில் சும்மா இருந்ததில்லை. 1992 இல் 'ஜனகோஷா' என்ற எதிர்ப்பு நடந்தது. மணி அடித்தும் பாத்திரம் தட்டியும் மேளம் அடித்தும் அரசுக்கு எதிர்ப்பைக் காட்டினார்கள். பொலிஸார் ஒருவருடைய மேளத்தைப் பறித்துவிட்டார்கள். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 1993 இல் தந்த தீர்ப்பில், வார்த்தை இல்லாத மேளச் சத்தமும் கருத்து வெளிப்பாடுதான் என்றார். பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர' படத்தை 2000 இல் அரசு நிறுத்தி வைத்தது. அவர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். 2001 இல் உயர் நீதிமன்றம் படத்தைத் திரையிட உத்தரவிட்டது.

அப்படியானால் எமது பிள்ளைகளும் போயிருக்கலாமே? போயிருக்கலாம். ஆனால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 126 ஆவது உறுப்புரை. நாம் சபூர் சொல்லி முடிக்கும்போது அந்த மாதம் போய்விட்டது. இது எமக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். தடுங்கள் என்று கேட்டவர்களின் வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம். 2013 இல் 'விஸ்வரூபம்' வந்தபோது தமிழ்நாட்டிலும் இங்கும் முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. படத்தைப் பார்க்காத எம்மவர்கள் எத்தனை பேர் அன்று உரத்துப் பேசினோம்? காயப்பட்டது உண்மை, அதைச் சொல்லும் உரிமையும் உண்மை. ஆனால் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கம் ஒரு பக்கமாக மட்டும் வெட்டுவதில்லை. 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற தன் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தை எதிர்த்துப் பேசுகின்றன என்று தமிழில் வாசித்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலையானது 2023 டிசம்பரில். அந்தப் பிள்ளைக்காக நாம் துஆ கேட்டோம். வாசிக்காமல் குற்றம் சாட்டிவிட்டார்களே என்று ஆதங்கப்பட்டோம். அதே நாம், வாசிக்காமல் மண்டபத்தைப் பூட்டியபோது வலீமாச் சோறு சாப்பிட்டோம்.

மண்டபம் யாருடையது என்று கேட்ட பிள்ளைக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. எமக்குப் புதிய பதில் அல்ல. வக்பு சொத்தைப் பற்றி எமக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள். நம்பிக்கையாளர் அதைப் பராமரிப்பவர், சொந்தக்காரர் அல்லர். கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். தனக்குப் பிடித்தவரை உள்ளே விட்டுப் பிடிக்காதவரை வெளியே நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. வரிப்பணத்தில் கட்டிய மண்டபமும் அதன் சாவியை வைத்திருப்பவரிடம் உள்ள அமானிதம்தான்.

பிள்ளைகள் இப்போது மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார்கள். இந்த முறை எழுத்தில், பிரதியையும் இணைத்து. நாமும் கையொப்பமிட்டிருக்கிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறோம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கடமை விதிக்கிறது. அந்தப் பிரிவின் இலக்கத்தைப் பிள்ளைகளே விண்ணப்பத்தில் எழுதினார்கள்.

நாடகப் பிரதியின் இரண்டு நகல்கள் வாசிகசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மரைக்கார்மார் உட்பட யாரும் அஸருக்குப் பிறகு வந்து வாசிக்கலாம். 23 பக்கம்தான், அரை மணித்தியாலம் போதும். மாற்றச் சொல்ல ஏதாவது இருந்தால் பக்க இலக்கத்தோடு எழுதித் தாருங்கள், பிள்ளைகள் உங்களோடு இருந்து பேசக் காத்திருக்கிறார்கள். ஒரு சின்ன வேண்டுகோள்: தேத்தண்ணிக் கோப்பையைப் பிரதியின் மேல் வைக்க வேண்டாம், முதல் நகல் ஏற்கெனவே அப்படிப் போய்விட்டது.